திங்கட்கிழமைகளில் நின்றுபோகும் என்ஜின்

கேள்வி: ஐயா, குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் ஓராண்டாக அவருடைய ஃபைபர் வள்ளத்தை நான்தான் கடலில் இறக்குகிறேன். 9.9 குதிரைத்திறன் கொண்ட, மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின். பெட்ரோலில் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துவிடுகிறது. அலையைத் தாண்டியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறேன். கரையை விட்டுப் பத்து நிமிடம் ஆனதும் திணற ஆரம்பிக்கிறது. வேகம் ஏறி இறங்கி, கடைசியில் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துப் பெட்ரோலில் இழுத்தால் மறுபடி பிடிக்கும். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிக்கிழமை மாலையே டேங்கை நிரப்பி வள்ளத்தில் வைத்துவிடுவேன். திங்கட்கிழமைதான் தொல்லை அதிகம். பிளக் இரண்டு முறை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழுவியபின் இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் பழைய கதை. பிளக்குக்குப் பொறி தரும் காயில் சூடானதும் செயலிழக்கிறது, புதிது போட வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துத்தான் வாங்க முடியும். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தம்பி. குறைந்தது இந்த வாரம் வாங்காதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

முப்பது ஆண்டுகளாக இந்தக் கரையில் அவுட்போர்டு என்ஜின்களைப் பிரித்துக் கோத்து வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி எரிபொருளில் தண்ணீர் கலந்திருப்பதைத்தான் காட்டுகிறது. காயில் என்று சொன்னவரையும் குறை சொல்லமாட்டேன். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் நிற்கிறது, ஆறியதும் பிடிக்கிறது என்று கேட்டால் யாருக்கும் முதலில் காயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் பெட்ரோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறீர்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் மீந்திருக்கும் பெட்ரோல் தீர்ந்து, பெரிய டேங்கிலிருப்பது உள்ளே வந்து சேரும் நேரமும் அதுதான். மறுபடி பிடிப்பதும் பெட்ரோலில் இழுக்கும்போதுதான். என்ஜின் ஆறியதால் பிடிக்கிறதா, எரிபொருள் மாறியதால் பிடிக்கிறதா என்பதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. நன்றாகக் கழுவிக் காயவைத்த சின்ன டேங்கில் புதிய பெட்ரோலை ஊற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்துகொள்ளுங்கள். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. மண்ணெண்ணெய்க்கு மாற்றாமல் பெட்ரோலிலேயே அரை மணி நேரம், கரைக்குப் பக்கத்தில், கூட ஒரு வள்ளத்தை வைத்துக்கொண்டு வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். காயிலில் கோளாறு என்றால் பெட்ரோலிலும் நிற்கும். எந்த எண்ணெயில் ஓடுகிறோம் என்று காயிலுக்குத் தெரியாது. நிற்காமல் ஓடினால் காயில் மேல் விழுந்த பழி நீங்கியது.

நிற்கும் விதமும் ஒன்றைச் சொல்லும். சூட்டில் காயில் போனால் என்ஜின் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று அறுந்து நிற்கும். எரிபொருள் கோளாறு என்றால் அப்படி அல்ல. இருமும், மூச்சு வாங்கும், ஒரு கணம் தேறியதுபோல் பாயும், மறுபடி தளரும். "வேகம் ஏறி இறங்கி" என்று நீங்கள் எழுதிய அந்தச் சொற்களைப் படித்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

எரிபொருள் வரவில்லை என்றாலும் இப்படித் திணறலாம். எனவே அதையும் விலக்கிவிட வேண்டும். திணறும்போது டியூபின் நடுவிலிருக்கும் ரப்பர் பல்பைக் கையால் அமுக்குங்கள். அமுக்கியதும் என்ஜின் தேறினால் எண்ணெய் போதிய அளவு வரவில்லை என்று பொருள்: டியூபில் காற்று இழுக்கலாம், பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பல்ப் சப்பிக்கொண்டு ஒட்டிப்போயிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள். பல்ப் கெட்டியாக இருந்து, அமுக்கியும் பயனில்லை, அல்லது முன்னிலும் மோசமாகிறது என்றால், வரவேண்டிய அளவு வருகிறது, வருவதுதான் சரியில்லை.

இனி பாட்டில். கடலிலிருந்து திரும்பி என்ஜின் நன்றாக ஆறியபின், கார்புரேட்டரின் அடியிலிருக்கும் வடிதிருகைக் கழற்றி, உள்ளே இருப்பதை நிறமில்லாத சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. பாட்டிலை நிழலில் ஆடாமல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். பெட்ரோலைவிட மண்ணெண்ணெய் சற்றுக் கனமானது, பிசுக்கும் அதிகம். அதில் பொடித்துளியாகக் கலந்த தண்ணீர் அடியில் இறங்க நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். அடியில் முத்துப்போல் உருண்டு ஓடும் துளிகள் தெரியும். நிறையக் கலந்திருந்தால் கோடு கிழித்ததுபோல் தனி அடுக்காகவே நிற்கும். ரேஷன் மண்ணெண்ணெய்போல் நீலமாக இருந்தால் அதன் அடியில் நிறமற்ற தண்ணீர் பளிச்சென்று தெரியும். வெள்ளை மண்ணெண்ணெயாக இருந்து சந்தேகம் வந்தால் மளிகைக் கடையில் விற்கும் கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகை போடுங்கள். எண்ணெயில் அது கரையாது, பொடியாகவே இறங்கும். அடியில் ஆரஞ்சு நிறம் பரவினால் அங்கே தண்ணீர் இருக்கிறது.

பெரிய டேங்கிலும் இதையே செய்யுங்கள். டேங்கை வீட்டுக்கு எடுத்து வந்து ஓரிரவு ஒரு மூலைக்குச் சாய்த்து வைத்து, காலையில் அந்த மூலையின் அடியிலிருந்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி உறிஞ்சிப் பாருங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆளையே கிடத்திவிடும். பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இத்தனூண்டு தண்ணீர் இவ்வளவு பாடு படுத்துமா என்று தோன்றும். மண்ணெண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 800 கிராம், நல்ல தண்ணீர் 1,000 கிராம், கடல்நீர் 1,025 கிராம். ஆகவே தண்ணீர் எப்போதும் அடிக்குத்தான் போகும். டேங்கில் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. கார்புரேட்டரில் எண்ணெய் ஏறும் துளையான மெயின் ஜெட் இருப்பதும் கிண்ணத்தின் அடியில்தான். மெதுவாக ஓடும்போது கிண்ணத்தின் அடி அதிகம் கலங்குவதில்லை. முறுக்கியதும் இழுப்பு கூடி, அடியில் பதுங்கியிருக்கும் தண்ணீர் ஜெட்டுக்குள் ஏறுகிறது. அந்தத் துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு துளி தண்ணீர் அதன் வாயில் அடைப்பான்போல் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் வேகம் இறங்கும், உள்ளே போய்த் தொலைந்தால் ஏறும். கார்புரேட்டரைக் கழுவியபின் இரண்டு நாள் நன்றாக ஓடியதும் இதனால்தான். கிண்ணத்திலிருந்த தண்ணீர் போயிற்று. டேங்கிலிருந்த தண்ணீர் மூன்றாம் நாள் மறுபடி வந்து கிண்ணத்தை நிரப்பியது.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். மற்ற நாட்களில் மாலையில் நிரப்பி விடியுமுன் கடலுக்குப் போகிறீர்கள். இடையில் டேங்க் மணலில் தூக்கி வைக்கப்படுகிறது, ஆடுகிறது. தண்ணீர் பொடித்துளியாக எண்ணெயோடு கலந்துபோய் இருமலோடு வெளியேறிவிடுகிறது. சனிக்கிழமை மாலை நிரப்பியது திங்கள் விடியற்காலை வரை, ஒன்றரை நாள், அசையாமல் கிடக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் இறங்கி, உறிஞ்சுகுழாயின் வாயடியில் ஒரே குட்டையாகத் தேங்கிவிடுகிறது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் முதலில் ஏறுவது அந்தக் குட்டைதான்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. இதைக் கண்டுபிடிக்காமல் எதைக் கழுவினாலும் பயன் இரண்டு நாளுக்குத்தான். நம் கரையில் யாரைக் கேட்டாலும் "பாதி டேங்கை இரவில் வைத்தால் காற்றிலிருக்கும் ஈரம் வேர்த்துத் தண்ணீராகும்" என்பார்கள். வேர்ப்பது உண்மைதான், ஆனால் அளவைப் பாருங்கள். 24 லிட்டர் டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே 12 லிட்டர் காற்று. நம் ஊர் வெப்பத்தில், ஈரம் முழுக்க நிறைந்த காற்றே கன மீட்டருக்கு 30 கிராம் தண்ணீரைத்தான் சுமக்கும். 12 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் அரை கிராம்கூட வரவில்லை. அந்த ஈரமெல்லாம் தண்ணீரானால்கூட ஓரிரவுக்குச் சில துளிகள். மாதக்கணக்கில் கிடக்கும் டேங்குக்கு அது பொருந்தும். தினமும் நிரப்பி ஓட்டும் டேங்கில் ஒரு கரண்டி தண்ணீர் வந்தால், அது வேர்த்து வந்ததல்ல. ஏதோ ஒரு வாசல் வழியாக உள்ளே நுழைந்தது.

எந்த வாசல் என்பதை அந்தத் தண்ணீரையே கேட்கலாம். பாட்டிலின் அடியிலிருந்து சிரிஞ்சால் தண்ணீரை மட்டும் எடுத்து, துடைத்த எவர்சில்வர் தட்டில் நான்கைந்து சொட்டு விடுங்கள். வெயிலில் காய விடுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளையாக விளிம்பு கட்டி, விரலால் தொட்டால் நெருநெருவென்று உப்பு நின்றால் அது கடல்நீர். ஒன்றும் நிற்காமல் எண்ணெய்க் கறை மட்டும் தெரிந்தால் மழைத்தண்ணீர், அல்லது வாங்கும்போதே கலந்திருந்த தண்ணீர்.

உப்பு நின்றால் டேங்கின் மூடியைப் பாருங்கள். நின்றபின் காற்றுத் திருகை மூடுகிறீர்களா? மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கிறதா? அலையை வெட்டி ஏறும்போது தெறிக்கும் தண்ணீர் மூடியின் குழியில் தேங்கும். வாஷர் வெடித்திருந்தால் அது உள்ளே இறங்கும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: காலி கேனைக் கரையில் கடல்தண்ணீர் விட்டு அலசும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? பல வீடுகளில் உண்டு. கேன் சுத்தமானது என்று நினைக்கிறார்கள். மூலையில் நின்ற உப்புத்தண்ணீரோடு அடுத்த எண்ணெயை ஊற்றுகிறார்கள்.

உப்பு இல்லையென்றால் சேமிப்பு டிரம்மைச் சந்தேகப்படுங்கள். மண்ணெண்ணெயை 200 லிட்டர் டிரம்மில் வாங்கி, வீட்டுக்குப் பின்புறம் திறந்தவெளியில் நிமிர்த்தி வைப்பவர்கள் நிறையப் பேர். டிரம்மின் மேல்தட்டைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருக்கும். மழை பெய்தால் அது தட்டுபோல் தண்ணீரைத் தாங்கி நிற்கும், மூடியும் அதற்குள் மூழ்கும். பகலில் வெயிலில் டிரம் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். மாலையில் குளிர்ந்ததும் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, வெளியே இருப்பதை இழுக்கும். மூடியின் மேல் தண்ணீர் நின்றால் தண்ணீரைத்தான் இழுக்கும். மூடியைக் கையால் மட்டும் இறுக்கியிருந்தால் நாளுக்கு நாள் இப்படியே குடித்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூடி மூடித்தான் இருக்கும். ஒரு டிரம்மின் அடியிலிருந்து ஒரு முழு குடம் தண்ணீர் எடுத்ததுண்டு நான். உரிமையாளர் நம்பவேயில்லை, விற்றவர் கலந்து கொடுத்துவிட்டார் என்றே கடைசிவரை சொன்னார்.

டிரம்மைக் கூரைக்குக் கீழே கொண்டுபோங்கள். இடம் இல்லையென்றால் ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து, தண்ணீர் தேங்கும் பக்கம் மூடிகள் வராதபடி திருப்பி வையுங்கள். எண்ணெய் எடுக்கும் குழாயை அடிவரை விடாதீர்கள்; அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிற்கும்படி ஒரு கம்பில் கட்டிவிடுங்கள். அந்த நான்கு விரல் எண்ணெயை அவ்வப்போது தனியாக எடுத்துத் தெளியவைத்துக்கொள்ளலாம், நட்டமில்லை.

தண்ணீர் இருப்பது உறுதியானால், சுத்தம் செய்வதை டிரம்மிலிருந்து தொடங்கி என்ஜினை நோக்கி வாருங்கள். பெரும்பாலானோர் கார்புரேட்டரில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். டிரம், கேன், டேங்க், டியூப், பம்ப், கடைசியாகத்தான் கார்புரேட்டர்.

டேங்கை முழுவதும் காலி செய்து, உறிஞ்சுகுழாயைக் கழற்றி, அதன் முனையிலிருக்கும் வலைத்தொப்பியைப் பாருங்கள். டேங்குக்குள் ஒரு லிட்டர் சுத்தமான மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறை. தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். பிறகு மூடியைத் திறந்து, கவிழ்த்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். டியூபையும் பல்பையும் இரண்டு முனையும் கழற்றி, தொங்கவிட்டு அமுக்கி வடியுங்கள். பல்புக்குள் இருக்கும் சின்ன வால்வுகளில் தண்ணீர் தங்கும். என்ஜினிலிருக்கும் ஃபில்டர் கிண்ணத்தையும் கழற்றிக் கொட்டுங்கள்.

கார்புரேட்டரில் கிண்ணத்தைக் கழற்றியதும் அதன் அடியை விரலால் தடவிப் பாருங்கள். கடல்நீர் நின்றிருந்தால் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைப் பொடி இருக்கும். உலோகத்தையே உப்பு தின்றதன் அடையாளம் அது. பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். மெயின் ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்தால் துளையின் வழியே வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோல் தெரிந்தால் அடைப்பு இருக்கிறது. கம்பியை விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது; துளை மயிரிழை பெரிதானாலும் அதன் பிறகு என்ஜின் எண்ணெயைக் குடிக்கும். உங்கள் கையிலேயே அதற்கான கருவி இருக்கிறது: வலை பின்னும் தங்கூசி நரம்பு. மெல்லியதாகப் பார்த்து ஒரு துண்டை விட்டு எடுத்து, பிறகு காற்றடியுங்கள்.

தண்ணீர் கலந்தால் ஸ்பிரிட் ஊற்றினால் போதும், தண்ணீரை அது கரைத்துக்கொண்டு எரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மண்ணெண்ணெயில் அது சரிவராது. ஸ்பிரிட் தண்ணீரோடு சேர்ந்து அடியில்தான் போய் உட்காரும். கடல்நீராக இருந்தால் உப்பு அப்படியே நிற்கும். காசும் போய், நோயும் இருக்கும்.

பெட்ரோலின் நிலை வேறு, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது, 2025-இல் 20 சதவீதமாகிவிட்டது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். 10 சதவீதக் கலவை என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி தண்ணீரைத் தெரியாமல் தன்னுள் வைத்துக்கொள்ளும். 20 சதவீதக் கலவை இன்னும் கொஞ்சம் தாங்கும். எல்லையைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். குளிர்ந்தால் தாங்கும் அளவு குறையும். மாலையில் தெளிவாக இருந்த பெட்ரோல் விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு அடுக்காக நிற்பது அதனால்தான். அப்படிப் பிரிந்த பெட்ரோலை என்ஜினில் ஊற்றாதீர்கள். மேலே நிற்பதும் சத்துக் குறைந்த பெட்ரோல்தான். தெளியவைத்து மேலாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது மண்ணெண்ணெய்க்கு மட்டும். பெட்ரோலைச் சின்னக் கேனில் அந்தந்த வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள், கேனைக் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள்.

அடுத்துச் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள் தம்பி. உங்களுடையதுபோல் எண்ணெயில் ஆயில் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு உள்ளே வேறு உயவு கிடையாது. எரிபொருளோடு வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். அந்த ஆயில் மண்ணெண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே தண்ணீர் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் என்ஜின் கொஞ்ச நேரம் ஆயில் இல்லாமல் ஓடுகிறது. நின்றுபோன என்ஜினை ஆத்திரத்தில் இருபது முப்பது முறை கயிற்றை இழுத்துப் பிடிக்கவைப்பதும், திணறத் திணற முழு வேகத்தில் முறுக்குவதும் அதனால்தான் ஆபத்து. ஒரு முறை இப்படிப் பல வாரம் ஓட்டிய என்ஜின் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. கயிறு அசையவில்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் கீறியதுபோல் நீளக் கோடுகள். கீழே பேரிங்கின் உருளைகளில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் துரு. ஒரு வாஷரும் ஒரு நாள் வேலையும் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். உங்கள் என்ஜினுக்கு அந்த நிலை வரவில்லை. இரண்டாவது இழுப்பிலேயே பிடிக்கிறது என்பதே அதற்குச் சாட்சி.

தண்ணீர் நிறைய ஏறிவிட்டது என்று தோன்றினால் கரைக்கு வந்த அன்றே பிளக்குகளைக் கழற்றுங்கள். பெட்ரோல் நனைத்த பிளக் சீராக ஈரமாகிச் சீக்கிரம் உலரும். தண்ணீர் நனைத்ததில் பீங்கான் மேல் துளித்துளியாக நிற்கும். நிறுத்துகயிற்றின் கிளிப்பைக் கழற்றி மின்சாரம் வராதபடி செய்துவிட்டு, பத்துப் பதினைந்து முறை மெதுவாகக் கயிற்றை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக் துளை வழியே டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஒரு தேக்கரண்டி விட்டு மறுபடி இழுங்கள். பிறகு பிளக்கை மாட்டி, சுத்தமான ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடவிடுங்கள். நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் என்ஜினின் அடிப்பகுதியை இறக்கித்தான் ஓட்ட வேண்டும்; வெறுமனே ஓட்டினால் கீழேயிருக்கும் நீர்ப்பம்பின் ரப்பர் விசிறி கருகிவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உப்புத்தண்ணீர் ஓரிரவில் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

நடுக்கடலில் நின்றால் முதலில் நங்கூரம். என்ஜினைத் தொடுவது அதற்குப் பிறகுதான். வள்ளம் அடித்துக்கொண்டு போகும்போது கை நடுங்கும், திருகு கீழே விழும். நங்கூரம் பிடித்தபின், டியூபைச் சந்தேகத்துக்குரிய டேங்கிலிருந்து கழற்றிவிடுங்கள். இதற்காகவே ஐந்து லிட்டர் ஆயில் கலந்த சுத்தமான பெட்ரோலைத் தனி டேங்கில், தனி டியூபோடு எப்போதும் கொண்டுபோக வேண்டும். அதை மாட்டி, கார்புரேட்டரின் வடிதிருகைத் தளர்த்தி, பல்பை அமுக்கி, கிண்ணத்திலிருப்பதைக் குவளையில் வடியுங்கள். வள்ளத்துக்குள் சிந்தவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும். சுத்தமான பெட்ரோல் வரும்வரை வடித்து, திருகை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, சிறிது நேரம் காற்றாடவிட்டுக் கயிற்றை இழுங்கள். பாதி வேகத்தில் கரைக்கு வந்து சேருங்கள். அன்றைக்கு வலை வேண்டாம்.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் மாட்டலாமா என்று கேட்பீர்கள். மாட்டுங்கள். டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவில், அடியில் கண்ணாடிபோல் தெரியும் கிண்ணம் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். தினமும் புறப்படுமுன் டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் நிற்பது தெரியும், வடித்துவிடலாம். காயிலை விட மிகவும் மலிவு. ஆனால் டிரம் மழையைக் குடித்துக்கொண்டிருக்கும்வரை அந்தக் கிண்ணமும் ஒரு நாள் நிரம்பும்.

வடித்தெடுத்த கழிவை மணலிலும் கடலிலும் கொட்டாதீர்கள். பழைய கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோலிலும் அரை மணி நேரத்தில் சட்டென்று நின்றால் மட்டும் காயில் பேச்சுக்கு வருவோம். அப்போதும் உடனே வாங்காமல், நின்ற அந்த நிமிடமே, சூடாக இருக்கும்போதே, பொறி வருகிறதா என்று அதற்கான சோதனைக் கருவியை வைத்துத் தெரிந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் சிந்திய இடத்தில் பிளக்கை வெளியே வைத்துப் பொறி பார்க்கவே கூடாது. ஆறியபின் பார்த்தால் எந்தக் காயிலும் நல்ல காயிலாகத்தான் தெரியும்.

வடிதிருகுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் இருக்கும். கழற்றும்போது அது ஒட்டிக்கொண்டு கிழியும், அல்லது மணலில் விழுந்து மறையும். சோதனையைத் தொடங்குமுன் புதிதாக இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இப்போதைக்கு, ஒன்று கடலுக்கு. பாட்டிலின் அடியில் என்ன தெரிந்தது, தட்டில் உப்பு நின்றதா என்பதை எழுதுங்கள்.